எஞ்சின் இன்னும் திறக்கப்படவில்லை

ஹுவானா தியாஸ் ஊர்,
ஞாயிற்றுக்கிழமை, காபிக்குப் பிறகு.

ஒர்லாண்டோவில் வசிக்கும் மரியாதைக்குரிய எவெலியோ மச்சானுக்கு, உங்கள் தங்கை ஐதேயின் கணவன் எலியேசர் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மின்சாரம் மட்டும் தன் இஷ்டப்படி வந்து போகிறது. பிள்ளைகள் இருவரும் மாமாவிடம் ஆசி கேட்கச் சொன்னார்கள், கேட்டுவிட்டேன். அங்கே உங்கள் முதுகுவலி தணிந்திருக்கும் என்று நம்புகிறோம்.

முதலில் செய்தி. உங்கள் பந்தயக் காரின் எஞ்சின் திறக்கப்படவில்லை. சற்று முன் நானே கார் கொட்டகைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். ஒர்லாண்டோவுக்குக் கிளம்பும் முன் ஒவ்வொரு போல்ட் தலையிலும் குறுக்கே நீங்கள் இழுத்துவிட்டுப் போன மஞ்சள் பெயிண்ட் கோடுகளில் ஒன்றுகூட உடையவில்லை. ஆக, என் கண் ஒரு ஆதாரம், உங்கள் பெயிண்ட் இன்னொன்று. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் எஞ்சின் என்று ஆரம்பித்ததுமே ஐதே போனை வாங்கிக்கொண்டு உங்களிடம் மழையைப் பற்றிப் பேசப் போய்விடுகிறாள். பக்கத்துத் தெரு யமிரா நாளைக் காலை விமானத்தில் அங்கே வருகிறாள். அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் என்னிடம் ஒப்படைத்த வேலை பெரிதல்ல. நீங்கள் விடுப்பில் வந்து இறங்கும் சனிக்கிழமைக்குள் கருவிகள் சேர்ந்திருக்க வேண்டும், கொட்டகை சுத்தமாக இருக்க வேண்டும், அதுவரை யாரும் எஞ்சினைத் திறக்கக் கூடாது, திறக்கும்போது உள்ளே முதலில் பார்ப்பது நீங்களாக இருக்க வேண்டும். கடைசி இரண்டும் ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? சலினாஸ் பந்தயப் பாதையில் ஊரே பார்த்துக்கொண்டிருக்க, பாதித் தூரத்தில் அந்த எஞ்சின் இருமி நின்றது. அடுத்த வாரம் நீங்கள் வேலைக்குப் போனீர்கள். வேலைக்கான அழைப்பு அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது என்று நான் கடைவீதியில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்தேன். யாரும் குறித்துக்கொள்ளவில்லை. எவெலியோ அவசரத்தில் எதையோ தப்பாக அடுக்கிவிட்டு ஓடிப்போனான் என்பதுதான் இன்றுவரை கடைவீதியில் டோமினோ ஆடுகிற மேசையின் தீர்ப்பு. மற்றவர்கள் திறந்தால் உள்ளே இருப்பதைத் தங்கள் விருப்பப்படி சொல்வார்கள், ஆகவே எல்லார் முன்னிலையிலும் நீங்களே திறந்து உங்கள் பெயரை மீட்க விரும்புகிறீர்கள் என்று புரிந்துகொண்டேன். பத்திரிகை நிருபனாக இருந்த காலத்தில் இரண்டு பேர் சொல்லாத எதையும் அச்சில் ஏற்றாதவன் என்பதால்தான் என்னைக் காவலுக்கு வைத்தீர்கள் என்பதையும் பெருமையோடு ஏற்றுக்கொண்டேன்.

இனி கருவிகள். நம் தெருவில் கருவி தனியாக வீட்டை விட்டுக் கிளம்பாது என்பதை நீங்கள் அறிவீர்கள், நான் மறந்திருந்தேன். ஃபிளைவீலின் நடுவில் இருக்கும் அந்தப் பெரிய நட்டைக் கழற்றும் சாக்கெட் ஊரிலேயே ராதமேஸிடம்தான் இருக்கிறது என்றீர்கள். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற அந்த மனிதர் சாக்கெட்டைத் தலையணை உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். மறு தோளில் மடக்கு நாற்காலி. கொடுத்துவிட்டுப் போவார் என்று கையை நீட்டினேன். நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். அது போன திங்கட்கிழமை. இரவு தூங்க மட்டும் வீட்டுக்குப் போகிறார். சாக்கெட்டும் கூடவே போகிறது. எஞ்சினைப் பூட்டித் திருப்புகிற ஸ்டாண்டு சொராய்தாவுடையது. அழகு நிலையம் நடத்துகிற பெண் மூன்று நாள் கடைக்கு விடுமுறை விட்டுவிட்டு ஸ்டாண்டோடு வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்து அவளுடைய வாடிக்கையாளர்கள் இருவர் முடிச் சாயத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். அவர்களும் நம் கொட்டகைக்கே வந்து, தோட்டக் குழாயில் தலை அலசிக்கொண்டு போனார்கள். தண்டின் அசைவை அளக்கும் டயல் கேஜ் பாஸ்டர் அப்தியேலிடம் இருந்தது. அவர் அதை வேதப் புத்தகத்தோடு ஒரே பையில் கொண்டுவந்தார். பாஸ்டர் இருப்பதால் ராதமேஸ் பீரைக் காபிக் கோப்பையில் ஊற்றிக் குடிக்கிறார். பாஸ்டருக்கு அது தெரியும். தெரியாததுபோல் இருப்பதை ஊழியத்தின் ஒரு பகுதியாக வைத்திருக்கிறார்.

ஆக, கருவிகள் சேர்ந்துவிட்டன, கூடவே அவற்றின் சொந்தக்காரர்களும். ஐதே தினமும் பச்சைத் துவரை போட்ட சோறும் வாழைக்காய் வறுவலும் சமைத்துப் போடுகிறாள். முதல் நாள் முகம் மலர்ந்து பரிமாறினாள். மூன்றாம் நாள் தட்டை வைக்கிற ஓசையிலேயே வித்தியாசம் தெரிந்தது. எப்போது போவார்கள் என்று என்னைக் கேட்டாள். எஞ்சினைத் திறந்து பார்க்காமல் போக மாட்டார்கள் என்றேன். அப்போ திறந்துவிட வேண்டியதுதானே என்றாள். சனிக்கிழமை வரை கூடாது, உன் அண்ணன் பெயர் சம்பந்தப்பட்டது என்று விளக்கினேன். அவள் சோற்றுப் பானையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கொட்டகையைச் சுத்தம் செய்ததில் எங்கள் தரப்பில் குறையில்லை. ஆனால் நாங்கள் கழுவித் துடைத்த அன்றே சஹாராப் புழுதி வந்தது. வருடாவருடம் கடல் தாண்டி வருவதுதான் என்றாலும் இந்த முறை வெயிலே பழுப்பாக இருந்தது. எஞ்சினுக்குள் ஒரு மணல் துகள் போனாலும் அதன் கதை முடிந்தது என்று சொராய்தா சொல்ல, ஐதேயின் பீரோவிலிருந்த படுக்கை விரிப்புகளையெல்லாம் கயிற்றில் மாட்டி நாலாபக்கமும் மறைத்தோம். வெளியிலிருந்து பார்ப்பதற்குப் பிரசவ அறைபோல் ஆகிவிட்டது. தபால்காரர் குரலைத் தாழ்த்தி, உள்ளே யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். மேசைமேல் ஒரு வெள்ளை விரிப்பு. சின்ன ஸ்பிரிங் ஒன்று துள்ளி விழுந்தால் கண்ணில் பட வேண்டுமே. ஒவ்வொரு உதிரியும் எந்த இடத்திலிருந்து வந்ததோ அந்த இடத்துக்கே திரும்பிப் போக வேண்டும் என்றீர்களே, அதற்கு ஐதே கப் கேக் சுடுகிற தட்டுகளை எடுத்துக் குழிகளுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டினேன். முன், பின், மேல் முனை, இடது முனை என்று. அதைப் பார்த்த ஐதே, மேல் முனைக்கு ஏது மேல், ரோட்டர் சுற்றிக்கொண்டேயல்லவா இருக்கும் என்றாள். சரியான கேள்வி. ரோட்டரிலேயே குறி போட்டுக்கொள்ளலாம் என்று திருத்தினோம்.

நான் புரிந்துகொண்டிருப்பது சரியா என்றும் பார்த்துச் சொல்லுங்கள். மற்ற எஞ்சின்களில் ஏறி இறங்குகிற பிஸ்டனுக்குப் பதில், இதில் மூன்று முனையுள்ள ரோட்டர் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக, இடுப்புச் சிறுத்த கூட்டுக்குள் சுற்றுகின்றன. ஒவ்வொரு முனையிலும் ஒரு மெல்லிய உலோகப் பட்டை. பட்டைக்கு அடியில் ஒரு ஸ்பிரிங், அதைக் கூட்டின் சுவரோடு அழுத்திப் பிடித்திருக்கிறது. பட்டை உடைந்தால் காற்று கசியும், எஞ்சின் இருமும். உங்கள் எஞ்சினில் பின் ரோட்டர் நன்றாக இருக்கிறது, முன் ரோட்டரில்தான் ஒரு முனை காற்றைப் பிடிக்கவில்லை என்பது கையால் சுற்றிப் பார்த்தபோதே காதுக்குத் தெரிந்தது என்று எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். இந்தத் தெருவில் எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

மற்றபடி எல்லாவற்றிலும் தகராறு. அடுக்கும்போது ஸ்பிரிங்கும் பட்டையும் கீழே விழாமல் ஒட்டிக்கொள்ள வாசலின் போதும் என்பது சொராய்தாவின் கட்சி. அழகு நிலையத்திலிருந்து ஒரு பெரிய டப்பாவே கொண்டுவந்துவிட்டாள். வாசலின் குழந்தைக்குப் பூசுவது, எஞ்சினுக்குக் கிரீஸ்தான் என்பது ராதமேஸின் கட்சி. இதிலிருந்து பேச்சு உங்கள்மேல் திரும்பியது.

"எவெலியோவுக்குக் கை நல்ல கைதான், பத்திரிகைக்காரரே. ஆனா நிதானம் கிடையாது. எதையோ திருப்பி வச்சுட்டான். சத்தம் கேட்ட வேகத்துல ஆள் விமானம் ஏறிட்டான் பாருங்க" என்றார் ராதமேஸ்.

"அண்ணே, உங்க வண்டி ரொம்ப நாளா கல்லு மேல நிக்குதே, அதுக்கு எப்ப விமானம்?" என்றாள் சொராய்தா.

அவர் காபிக் கோப்பையைக் கீழே வைத்து, தன் எஞ்சினைத் தான் இன்னும் மூடவில்லை, மூடாத எஞ்சினில் தப்பு என்று ஒன்று இருக்க முடியாது என்று விளக்கினார்.

வெள்ளிக்கிழமை ஒரு நெருக்கடி வந்தது. ராதமேஸ் சாக்கெட்டை நட்டில் மாட்டி, நீளக் கம்பியையும் போட்டு, அதன்மேல் ஒரு குழாயையும் செருகிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். என்ன செய்கிறீர்கள் என்றேன். அளவு சரியா என்று பார்க்கிறேன் என்றார். அளவு பார்க்கக் குழாய் எதற்கு என்றேன். அது கையில் இருந்தது என்றார். இதையொட்டித் திறப்பது என்றால் எதைக் குறிக்கும் என்று விவாதம் கிளம்பியது. பாஸ்டரின் கருத்து: கல்லறையின் கல்லைப் புரட்டுவதுதான் திறப்பது, இடுக்கு வழியாக எட்டிப் பார்ப்பது ஆகாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக விளக்கடித்துப் பார்க்கலாமா என்று என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். பிளக்கில் நீங்கள் மஞ்சள் கோடு போடவில்லை. ஆகவே அனுமதித்தேன். தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரிசையில் நின்று பார்த்தார்கள். ராதமேஸுக்குச் சுவரில் ஆழமான கீறல் தெரிந்தது. சொராய்தாவுக்குக் கரி மட்டும் தெரிந்தது. பாஸ்டருக்கு ஒன்றும் தெரியவில்லை. உள்ளே இருட்டாக இருக்கிறது என்று நேர்மையாகச் சொன்னார். எனக்கு என் கண்ணிமை முடிதான் தெரிந்தது. ஐதே கையைத் துடைத்துக்கொண்டு வந்து எல்லாரையும்விட அதிக நேரம் பார்த்தாள். என்ன தெரிகிறது என்று கேட்டோம். விளக்கை என் கையில் கொடுத்தாள். பிறகு பாஸ்டர் எஞ்சின்மேல் கை வைத்து, இதில் மறைந்திருப்பதெல்லாம் வெளிச்சத்துக்கு வரட்டும் என்று ஜெபித்தார். எல்லாரும் ஆமென் சொன்னோம். ஐதே மட்டும் அதற்குள் உள்ளே போய்விட்டாள். அடுப்பில் சோறு இருந்தது.

இதுதான் இன்று வரையிலான நிலவரம். எஞ்சின் ஸ்டாண்டில் ஏறித் திரும்பத் தயாராக நிற்கிறது. டார்க் ரெஞ்ச், ஃபீலர் கேஜ், புல்லர், தின்னர், பழைய பல் தேய்க்கும் பிரஷ்கள், எதுவும் பாக்கியில்லை. நீங்கள் வந்து பையை இறக்கிவைத்துக் கையைக் கழுவிக்கொண்டு நேராக ஆரம்பிக்கலாம். நாலு பேர் ஒரே நேரத்தில் கை நீட்டும் இடத்தில் ஒரு எஞ்சினை ஒரு வாரம் கன்னி கழியாமல் காப்பது, நகரசபைச் செய்தி சேகரித்த காலத்தில்கூட நான் சந்திக்காத சோதனை. ஆனாலும் சமாளித்துவிட்டேன் என்று அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தை யமிரா வீட்டுக்கு நானே எடுத்துப்போகிறேன். அவர்கள் வீட்டில் இன்று ஞானஸ்நான விருந்து; சாப்பிடாமல் விடமாட்டார்கள். நான் திரும்பும்வரை காவலுக்கு ஐதேயை நிறுத்திவைத்திருக்கிறேன். இந்தத் தெருவில் எஞ்சினைப் பற்றி ஒரு கருத்தும் சொல்லாத ஒரே ஆள் அவள்தான்.

உங்களுக்கு உடல் நலமும், ஒர்லாண்டோ வெயிலில் வேலை செய்யும் பலமும் தர ஆண்டவரையும் நம் ஊர்க் கன்னிமேரியையும் வேண்டுகிறோம். அண்ணிக்கு எங்கள் அன்பு. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்காமலே என் ஆசி அவர்களுக்கு உண்டு.

என்றும் உங்கள்,
எலியேசர்

பின்குறிப்பு: யமிரா வீட்டிலிருந்து இப்போதுதான் திரும்பினேன். அவள் கூந்தல் வெட்டிக்கொள்ளப் போயிருந்தாள், அழகு நிலையம் பூட்டியிருந்ததால் பக்கத்து ஊருக்குப் போய்விட்டாளாம். ஆகவே கடிதம் இன்னும் என் கையில்தான் இருக்கிறது. மேலே எழுதியதை அடித்துத் திருத்துவதைவிட இங்கே சேர்ப்பதுதான் முறை.

எஞ்சின் திறக்கப்பட்டுவிட்டது.

விரிப்பை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். ராதமேஸ் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்திருந்தார். இரண்டு ரோட்டர்களும் வெள்ளை விரிப்பின்மேல் இருந்தன, உதிரிகள் கப் கேக் தட்டில் அந்தந்தக் குழியில் இருந்தன. ஐதேயின் கை முழங்கைவரை கறுத்திருந்தது. யார் திறந்தது என்று நான் ராதமேஸைத்தான் கேட்டேன். அவர் ஐதேயைக் காட்டினார். நட்டைத் தளர்த்திக் கொடுத்தது மட்டுமே தன் வேலை என்றார். கருவிகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்திலும் அவற்றின் சொந்தக்காரர்கள் பக்கத்திலும் இருந்ததால் வேலை தடங்கலின்றி நடந்திருக்கிறது. அந்த வகையில் நம் தயாரிப்பைக் குறை சொல்ல முடியாது.

முன் ரோட்டரின் ஒரு முனையில் பட்டை உடைந்திருந்தது. அதன் அடியிலிருந்த ஸ்பிரிங் தலைகீழாக வைக்கப்பட்டிருந்தது. மற்ற முனைகளில் சரியாக இருந்தது. நானும் பார்த்தேன், பாஸ்டரும் பார்த்தார், இந்த முறை வெளிச்சம் இருந்தது.

ராதமேஸ் வாயைத் திறக்கும் முன் ஐதே அந்த ஸ்பிரிங்கை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது எங்க அண்ணன் வச்சது இல்ல. முன் ரோட்டரை அடுக்கினது நான். அன்னைக்கு அவருக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு, இதே தரையில மல்லாந்து படுத்துக்கிட்டுச் சொன்னாரு, நான் வச்சேன். இனிமே டோமினோ மேசையில பேர் சொல்றதா இருந்தா என் பேரைச் சொல்லுங்க."

நான் அன்றைக்கு எங்கே இருந்தேன் என்று கேட்டேன்.

"உள்ளே. பேஸ்பால் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

ஊரெல்லாம் செய்தி சேகரித்தவன் என் வீட்டுக் கொட்டகையில் நடந்ததைத் தவறவிட்டிருக்கிறேன். ராதமேஸ் ஸ்பிரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்தத் தெருவில் ஸ்பிரிங்கைத் திருப்பி வைக்காதவர் யார் இருக்கிறார் என்றார். இது மன்னிப்பா, தீர்ப்பா என்று தெரியவில்லை. ஆனால் ஐதே கோப்பையை நீட்டியபோது, பாஸ்டர் பார்த்துக்கொண்டிருக்க, அதில் பீரா, காபியா என்று ராதமேஸ் வெளிப்படையாகவே கேட்டார்.

கூட்டம் கலைந்து, அவள் சோப்பு போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது தனியாகக் கேட்டேன், ஏன் சனிக்கிழமை வரை பொறுக்கவில்லை என்று.

"அண்ணன் வந்தா அவர்தான் முதல்ல பாப்பாரு. பாத்ததும் அந்த ஸ்பிரிங்கை உள்ளங்கையில மறைச்சுட்டு, என் அவசரம்தான்னு எல்லார் முன்னாலயும் சொல்லிடுவாரு. அதுக்குத்தான் யாரும் திறக்கக் கூடாதுன்னாரு. உங்களுக்கு அது புரியலையா?"

புரியவில்லை என்றேன். மச்சான், நீங்கள் கேட்டதை ஒரு வாரம் முழுக்க நான் தவறாகப் புரிந்துகொண்டு, அதற்கேற்றபடி மிகச் சிரத்தையாகக் காவல் காத்திருக்கிறேன்.

இனி நிலுவையில் இருப்பவை. புதிய பட்டைகளும் ஸ்பிரிங்குகளும் புதன்கிழமை தபாலில் வரும் என்று சொராய்தா சொல்கிறாள். ராதமேஸ் நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாக்கெட்டை மட்டும் விட்டுப்போயிருக்கிறார், கேட்டதற்கு இருக்கட்டும் என்றார். முன் ரோட்டரை மறுபடியும் தானே அடுக்கப்போவதாக ஐதே சொல்கிறாள். பக்கத்தில் நின்று பார்க்கலாம், தொடக்கூடாது என்பது உங்களுக்கு அவள் விதித்திருக்கும் நிபந்தனை. அதற்கு உங்கள் சம்மதம் இன்னும் கிடைக்கவில்லை. சனிக்கிழமை மதிய விமானத்தில் எதிர்பார்க்கிறோம்.